அறுபது சிலிண்டர் பழைய வாயு

மார்ச் 4

அன்புள்ள சுள்ளிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் அண்ணனுக்கு மட்டும் நேற்றுக் குதித்ததில் கால் சுளுக்கிக்கொண்டது. நீயும் உன் தும்மலும் எப்படி இருக்கிறீர்கள்?

ஏன் குதித்தார் என்று கேள். முடிவு வந்துவிட்டது! நம் பட்டறையில் சுத்தம் செய்த வாயு தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு சதவீதம் தூய்மை! எண்ணெய் இல்லை, ஈரம் இல்லை, அமிலம் இல்லை. பழைய ஃபிரிட்ஜ்களின் வயிற்றிலிருந்து கறுப்பு எண்ணெயோடு உறிஞ்சி எடுத்த அதே வாயுதான். மெல்லக் கொதிக்கவைத்து, ஆவியை வடிகட்டி, திரும்பவும் குளிரவைத்து, எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு வருஷம் மற்றவர்களுக்குக் குடுவை கழுவிக் கொடுத்தவளுக்கு இது போதாதா?

முடிவை வாங்கி வந்தவர் நம் மெக்கானிக். எந்த வாயுவையும் முகர்ந்தே இன்ன இயந்திரத்தில் இருந்தது என்று சொல்லிவிடுவாரே, அந்த மூக்கன். சிலிண்டர் வாயில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு வாசனையும் வரல. இனிமே எனக்கு இங்க என்ன வேலை?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

இன்னும் கேள். முதல் வெளிநாட்டு ஆர்டரும் வந்துவிட்டது. எந்த நாட்டிலிருந்து? உன் நாட்டிலிருந்துதான்! குளிர் அறைகளைப் பழுதுபார்க்கும் கம்பெனியாம். அறுபது சிலிண்டர் வேண்டுமாம். ஏப்ரல் கடைசியில் கப்பல். உங்கள் துறைமுகத்தில்தான் இறங்கும். உன் சுங்கச் சோதனைச்சாலை ஜன்னலிலிருந்து கையை ஆட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

தும்மல் நலம், நானும் நலம். அண்ணன் கால் எப்படி இருக்கிறது? ஆறு வயதிலிருந்தே குதித்துக் குதித்துத்தான் அவன் காரியம் கெட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வகத்திலேயே "ஓ"வென்று கத்திவிட்டேன். எங்கள் மேலதிகாரி அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், ஒன்றும் பேசவில்லை. பேசவே மாட்டார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூட்டு.

அண்ணி, நீங்கள் செய்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியாது. இந்த வாயு மேலே போய் ஓசோன் படலத்தை அரிப்பதால், புதிதாகத் தயாரித்தது இங்கே உள்ளே வரக்கூடாது. பழைய இயந்திரங்களிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது மட்டும் வரலாம். விளைவு என்ன தெரியுமா? புதுசெல்லாம் பழசு வேஷம் கட்டிக்கொண்டு வந்து இறங்குகிறது. போன வாரம் ஒரு புண்ணியவான் புத்தம்புது வாயுவில் ஒரு கரண்டி என்ஜின் எண்ணெய் ஊற்றி அனுப்பியிருந்தார். பழசாம்! என் வேலையே இந்த வேஷத்தைக் கலைப்பதுதான். இத்தனை நாளில் ஒழுங்கான பழைய வாயுவை நான் பார்த்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் சரக்கு வந்தால் நான் தொடக்கூடாது, உறவு. பூட்டிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் கை ஆட்டுவதை யார் தடுக்க முடியும்?

அறுபதுக்கு வாயு கிடைத்துவிடுமா? நேரம் குறைவாக இருக்கிறதே.

என்றும் உங்கள்,
சுள்ளி

*

ஏப்ரல் 6

அன்புள்ள சுள்ளிக்கு,

உட்கார்ந்து நலம் விசாரிக்க நேரமில்லை. நலமாக இரு, இது உத்தரவு.

ஊரில் ஒரு பழைய ஃபிரிட்ஜை விடவில்லை. மூடிப்போன ஹோட்டல் ஒன்றில் நாற்பது அறை, நாற்பது ஃபிரிட்ஜ். காவலாளி உள்ளே விட மாட்டேன் என்றார். "கேஸை எடுத்துட்டா ஃபிரிட்ஜ் செத்துப்போயிடுமே" என்று அவருக்குக் கவலை. உன் அண்ணன், "ஐயா, அது செத்து நாலு வருஷம் ஆச்சு. நாங்க வந்தது காரியம் பண்ண" என்றார். காவலாளி சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார். அங்கேயே ஒன்பது சிலிண்டர் தேறியது!

ஒரு பழைய தியேட்டரின் ஏசி, ஒரு பால் கம்பெனியின் குளிர் அறை, பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில் துருப்பிடித்து நின்ற ஒன்று. ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதுகிறேன். எங்கே, எந்த இயந்திரம், யார் முன்னால் எடுத்தோம், எந்த சிலிண்டருக்குள் போனது. எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. ஐம்பத்துமூன்றாவது பாதி நிறைந்திருக்கிறது. இன்னும் மூன்று வாரம். இதற்கு நடுவில் ஊரில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், நான் பத்து நாள் போயாக வேண்டும். உன் அண்ணன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "நீ போயிட்டு வா. நான் பார்த்துக்கறேன்" என்கிறார்.

அன்புடன்,
அண்ணி

*

மே 2

அன்புள்ள சுள்ளிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் கண்ணும் சுகம். கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "இவ்வளவு கறுத்துட்டியே" என்றாள். பார்வை நன்றாகவே தெரிகிறது என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்து பட்டறைக் கதவைத் திறக்கிறேன், அறுபதும் வரிசையாக நிற்கின்றன! பளபளவென்று பெயின்ட் அடித்து, கழுத்தில் அட்டை கட்டி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படிங்க?" என்றேன்.

"ஒரு ஐஸ் கம்பெனி மூடிட்டாங்க. பெரிய மெஷின். ஒரே இடத்துல கிடைச்சிடுச்சு" என்றார். பதிவேட்டிலும் தன் கோழிக்கிறுக்கலில் ஏழு வரி எழுதி வைத்திருந்தார். உன் அண்ணன் பேனாவைத் தொட்டதே அதிசயம். பாவம், நான் பதிவேட்டைப் புரட்டும்போது குறும்பாக ஏதாவது சொல்வார் என்று நிமிர்ந்தேன். ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தார். ரொம்பக் களைத்துப்போயிருந்தார்.

கப்பல் போன வியாழக்கிழமை கிளம்பிவிட்டது. என் கையெழுத்து போட்ட அட்டை ஒவ்வொரு கழுத்திலும் ஆடும். பார்த்தால் சொல்.

அன்புடன்,
அண்ணி

*

மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவின் கண்ணுக்கும் அண்ணனின் காலுக்கும் என் விசாரிப்பு.

பார்த்தேன்! கிடங்குக் கதவிடுக்கு வழியாக, இருபது அடி தூரத்திலிருந்து. உங்கள் குண்டு குண்டான கையெழுத்து! பூட்டிடம் போய், "மேடம், இது என் அண்ணியோட சரக்கு" என்றேன். "அப்ப நீ அந்த ரூமுக்குள்ள கால் வைக்காதே" என்றார். இந்த ஒரு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் இதுதான்.

இனி வருத்தமான பகுதி. வாங்கும் கம்பெனிக்கு நோட்டீஸ் போய்விட்டது, அதனால் நான் சொல்வதில் தப்பில்லை. சரக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்களோ அழுவீர்களோ தெரியாது. அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறதாம். "பழசு இவ்வளவு சுத்தமா இருக்காது. இது புதுசு" என்று சுங்க அதிகாரி எழுதிவிட்டார்.

பழசுதான் என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்கள். முடியாவிட்டால் அறுபதும் அழிப்பு உலைக்குப் போகும். உங்கள் பட்டறையின் பெயரும் தடைப் பட்டியலில் ஏறிவிடும்.

உடனே எழுதுங்கள்.

உங்கள்,
சுள்ளி

*

ஜூன் 10

அன்புள்ள சுள்ளிக்கு,

சுகம், சுகம், பரம சுகம்! என் வாயு அளவுக்கு மீறிச் சுத்தமாம்! அந்த அதிகாரி மட்டும் பக்கத்தில் இருந்தால் அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் சண்டை போடுவேன். மூக்கனிடம் சொன்னேன். "அதான் நான் அன்னிக்கே சொன்னேனே அக்கா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இப்போது கவனமாகப் படி. நிரூபிக்க வழி இருக்கிறது. உங்கள் இலாகாவுக்கு முறைப்படி இன்றே எழுதிவிட்டேன், பதிவேட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். ரிப்பேர்காரர்கள் ஃபிரிட்ஜுக்கு எப்போதாவது வேறு வாயுவைக் கொஞ்சம் ஏற்றியிருப்பார்கள், கையில் கிடைத்ததை. அந்த ஒட்டுண்ணி வாயு நம் வாயுவோடு கூடவே கொதிக்கும், கூடவே குளிரும். என் அடுப்பில் அது பிரியவே பிரியாது. தொழிற்சாலையிலிருந்து நேராக வந்த புது வாயுவில் அது துளிகூட இருக்காது. உங்களிடம் வாயுவைப் பிரித்துக் காகிதத்தில் மேடு மேடாக வரைந்து காட்டும் இயந்திரம் இருக்கிறதே, அதை இன்னும் நுணுக்கமாக வைத்துப் பார்க்கட்டும். பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மேடு தெரியும். அதுதான் என் வாயுவின் மச்சம்! ஒன்றிரண்டை அல்ல, அறுபதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

உன் அண்ணன்தான் பயந்தாங்கொள்ளி. "விட்டுடலாம். சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்லிடலாம். எதுக்கு வம்பு?" என்கிறார். "நம்ம வாயு மேல நமக்கே நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு பிடி பிடித்தேன். பம்ப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

முடிவு வந்ததும் தந்தி அடித்தாலும் சரி.

அண்ணி

*

ஜூலை 12

சுள்ளி,

நலமா? ஒரு மாதமாயிற்று, ஒரு வரியும் இல்லை. காய்ச்சலா? குட்டி மேடு தெரிந்ததா இல்லையா? தலை வெடித்துவிடும் போலிருக்கிறது.

அண்ணி

*

ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். காய்ச்சல் எதுவும் இல்லை. இங்கே மழை. புதுச் செருப்பு வாங்கினேன், ஒரு காலில் கடிக்கிறது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, பெண்.

அண்ணன் எப்படி இருக்கிறான்? சரியாகச் சாப்பிடுகிறானா? சின்ன வயதில் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் சாப்பிட மாட்டான்.

அந்த ஐஸ் கம்பெனி எங்கே இருக்கிறது அண்ணி? அங்கே எந்த மாதிரி இயந்திரம்?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
சுள்ளி

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள சுள்ளிக்கு,

நீ நலமாக இல்லை என்று தெரியும். நானும் இல்லை. ஆனால் இப்போது மூச்சு விட முடிகிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மழை, செருப்பு, குழந்தை. நாலாவது தடவை ஐஸ் கம்பெனியில் வந்து கண் நின்றுவிட்டது. ஐஸ் கம்பெனியில் ஓடுவது அம்மோனியா, நம் வாயு இல்லை! பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். பதினோரு வருஷம் ஆய்வகத்தில் இருந்தவளுக்கு ஏன் அன்றைக்கே உறைக்கவில்லை? அறுபது என்ற எண்ணைப் பார்த்ததும் கண் அவிந்துவிட்டது.

பட்டறைக்கு நடக்கவில்லை, ஓடினேன். உன் அண்ணன் பம்ப்பைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐஸ் கம்பெனியில என்ன கேஸுங்க இருந்துச்சு?"

ஸ்பானரால் ஒரு போல்ட்டைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எந்த ஐஸ் கம்பெனி? பேரைச் சொல்லுங்க. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஐஸ் கம்பெனி இல்ல" என்றார். "மார்க்கெட்ல வாங்கினேன். புதுசு. அவன் கடையிலேயே ஸ்டிக்கரைக் கிழிச்சுக் கொடுத்தான்."

"ஏன்?"

"நீ அங்க அம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தே. கப்பலுக்கு ஆறு நாள்தான் இருந்துச்சு. எங்க அலைஞ்சும் ஒரு சொட்டு கிடைக்கல. உன் பேருல போற முதல் சரக்கு. அது நின்னுபோச்சுன்னா நீ திரும்பவும் குடுவை கழுவத்தான் போவேன்னு பயந்துட்டேன்."

கோபம் வந்தால் எனக்குக் குரல் ஏறும் என்று உனக்குத் தெரியும். அன்று ஏறவே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்க எழுதின ஏழு வரி. ஐம்பத்துநாலுலேருந்து அறுபது வரைக்கும். இந்த ஏழுதானே?"

பதிவேட்டில் விரலை ஒரு வரி மேலே நகர்த்தினார். பிறகு, "ஏழு இல்ல. எட்டு" என்றார்.

ஐம்பத்துமூன்றில் நான் பாதி விட்டுவிட்டுப் போனேன் இல்லையா? அதன் மீதிப் பாதியைப் புதுசால் நிரப்பியிருக்கிறார். பதிவேட்டில் அது என் கையெழுத்தில், ஹோட்டல் ஃபிரிட்ஜ் என்றே இருக்கிறது. அவர் வாய் திறந்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

"அதையும் எழுது" என்றார். "எழுதறதுன்னா முழுசா எழுது."

எழுதினேன். உங்கள் இலாகாவுக்கு, எட்டு எண்களும் போட்டு, விற்றவனின் கடை விலாசமும் போட்டு. இருவரும் கையெழுத்திட்டோம். இந்தக் கடிதத்தோடு அதே தபாலில் போகிறது. நீ எதையும் சொல்லாதே. அவர்கள் கண்டுபிடித்ததும் நாங்கள் எழுதியதும் ஒத்துப்போகிறதா என்று அவர்களே பார்க்கட்டும்.

எனக்குப் பயம் இல்லை சுள்ளி. ஐம்பத்திரண்டு சிலிண்டர் என்னுடையவை, நிஜமாகவே என்னுடையவை, அதை எந்த இயந்திரத்தின் முன்னால் வைத்தும் சொல்வேன்.

உன் அண்ணனோடு நான் பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறேன். சாப்பிடுகிறார்.

அன்புடன்,
அண்ணி

*

ஆகஸ்ட் 27

என் அருமை அண்ணி,

நலம் கிலம் எல்லாம் அப்புறம்! ஜெயித்துவிட்டோம்!

வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் உளறிவிடுவேன். ஜூலை முதல் வாரமே அறுபதையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டார்கள். ஐம்பத்துமூன்று சிலிண்டரில் குட்டி மேடு, நீங்கள் சொன்ன இடத்தில், நீங்கள் சொன்ன மாதிரியே. ஏழில் மொட்டை. காகிதம் மேசைமேல் கிடந்தது, பார்த்துவிட்டேன். ஐம்பத்துநாலிலிருந்து அறுபது. உங்கள் பதிவேட்டு நகல் பக்கத்திலேயே இருந்தது. அந்த ஏழு வரியும் அண்ணன் கையெழுத்து. எனக்கு அந்தக் கிறுக்கல் தெரியாதா, அவனுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தவளே நான்தானே?

உங்களுக்கு ஆறு கடிதம் எழுதி ஆறையும் கிழித்தேன். விசாரணை நடக்கும்போது சொல்லக்கூடாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஏழாவது கடிதத்தில்தான் செருப்பு கடித்தது. ஐஸ் கம்பெனி பற்றிக் கேட்டதும் தப்புத்தான். அதைத் தபாலில் போட்ட மறுநாளே பூட்டிடம் ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் குடிநீர் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார். பரவாயில்லை, தண்ணீர் பொய் சொல்வதில்லை.

நேற்றுக் காலை இலாகாவுக்கு உங்கள் கடிதம் வந்தது. பூட்டு பிரித்தார். தன் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஏழும் பொருந்தியது. எட்டாவதில் விரல் நின்றது. ஐம்பத்துமூன்று. அவர்கள் தேறியது என்று முத்திரை குத்திவிட்ட சிலிண்டர்!

எழுந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு தானே இயந்திரத்துக்குப் போனார். அவர் இயந்திரத்தைத் தொட்டு ஐந்து வருஷமாகிறதாம். நாங்கள் எல்லாரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறோம். காகிதம் மெதுவாக நகர்கிறது. பெரிய மேடு. பக்கத்தில் குட்டி மேடு, மற்ற ஹோட்டல் சிலிண்டர்களில் இருப்பதில் சரிபாதி உயரம்!

வெளியே வந்தார். சுங்க அதிகாரியிடம், "இந்த எட்டாவதை நாம விட்டிருப்போம். அவங்க விடல" என்றார். "மத்த ஐம்பத்திரண்டையும் நான் நம்பறேன். இயந்திரத்துக்காக மட்டும் இல்ல."

பேசிவிட்டார் அண்ணி! பூட்டு திறந்துவிட்டது!

ஐம்பத்திரண்டும் விடுதலை. எட்டு சிலிண்டர் உலைக்கு. உங்களுக்கு மூன்று மாதம் ஏற்றுமதி கூடாது, தடைப் பட்டியலில் பெயர் இல்லை. அந்தக் கடை விலாசம் உங்கள் ஊர் அதிகாரிகளுக்கு இன்றே போகிறது.

அண்ணனிடம் பேசுங்கள். தப்புச் செய்தான். எட்டு என்று சொன்னவனும் அவன்தான்.

நமக்கெல்லாம் நல்லதாகவே நடக்கட்டும்.

உங்கள்,
சுள்ளி

*

செப்டம்பர் 15

அன்புத் தங்கை சுள்ளிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான் கடிதம் எழுதி உனக்குப் பழக்கமில்லை, எனக்கும் இல்லை. எழுத்து புரியாவிட்டால் குத்துமதிப்பாகப் படித்துக்கொள்.

போன வாரம் அதிகாரிகள் வந்தார்கள். "கடையைக் காட்ட முடியுமா?" என்றார்கள். முன்னால் நடந்தேன். அவன் என்னைப் பார்த்ததும் சிரித்தான், இன்னும் கொஞ்சம் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்து. என் பின்னால் வந்தவர்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பின்பக்கக் கிடங்கைத் திறந்தால் முந்நூறு சிலிண்டருக்கு மேல். எல்லாம் புதுசு, எல்லாவற்றிலும் "பழையது" என்று ஸ்டிக்கர். எதிரில் நின்று, "இவர்கிட்டதான் வாங்கினேன். தெரிஞ்சுதான் வாங்கினேன்" என்று சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். காது சுட்டது. ஆனால் அன்றைக்கு ரொம்ப நாள் கழித்துப் பசித்தது.

அந்த வாங்கும் கம்பெனியின் மெக்கானிக் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். நம் வாயுவில் முதல் சிலிண்டர் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது, தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர் அறைக்கு. ஒரு வருஷமாகக் கலப்பட வாயுவால் அடிக்கடி நின்றுபோன அறையாம். இப்போது நிற்காமல் ஓடுகிறதாம். உன் அண்ணி அதைப் படித்துவிட்டு என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்னோடு பேச்சில்லை என்று உனக்குத்தான் தெரியுமே. நாற்பது நாள் ஆகப்போகிறது. மூக்கன்தான் நடுவில் நின்று, "அண்ணே, அக்கா உப்பு போதுமான்னு கேக்கறாங்க" என்று தூது போகிறார்.

ஏற்றுமதிதான் கூடாது, சேர்ப்பதற்குத் தடையில்லை. இன்று காலை கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து ஆள் வந்தது. பழைய பயணிகள் கப்பல் ஒன்று கரையேறியிருக்கிறதாம். அதில் மூன்று குளிர் அறை! அவ்வளவும் நம் வாயு! நாளைக்குள் எடுக்காவிட்டால் குழாயை அறுத்து ஆகாசத்தில் விட்டுவிடுவார்களாம். நான் பம்ப்பை வேனில் ஏற்றிவிட்டு, மூக்கன்தான் அவளோடு போவார் என்று பட்டறையில் ஓரமாக ஒதுங்கி, இதை எழுத உட்கார்ந்தேன்.

வெளியே வேனில் ஹாரன் சத்தம்.

மூக்கனைக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் மூக்கன் பின்னால் சிலிண்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சிரிக்கிறார். முன் சீட்டில் என் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி திரும்பவும் ஹாரன் அடிக்கிறாள், விடாமல். "கப்பல் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? வாங்க!" என்கிறாள்.

என்னிடம்தான் சுள்ளி, என்னிடம்!

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள். நான் ஓடுகிறேன்.

அண்ணன்